ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டுச்சாவடி

எங்கள் தொகுதியைப் பற்றிக் கீழ்நாட்டுக்காரர் யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "உங்களுக்கென்னப்பா, உங்க ஆளுங்களுக்குன்னே ஒதுக்கின தொகுதி" என்பார்கள். ஏதோ தொகுதியைப் பொட்டலம் கட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டதாக நினைப்பு. அடிவாரத்துக் காரவள்ளி டீக்கடையில் இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனையோ தடவை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். கடைக்காரர் பின்னாலிருந்து, "ஏனுங்க, குடிச்சுட்டுத்தான் கோவிச்சுக்கிறது" என்று கூப்பிடுவார்.

நான் கொல்லிமலையில் வேன் ஓட்டுகிறவன். சோளக்காட்டில் பலா, அன்னாசி, மிளகு என்று ஏற்றிக் கீழே இறக்குவேன். கீழேயிருந்து அரிசியும் சிமெண்டும் ஏற்றி வருவேன். அந்த வளைவு ரோட்டில் தினமும் இறங்கி ஏறுகிறவனுக்குத்தான் சேந்தமங்கலம் தொகுதி எப்படிப்பட்டது என்று தெரியும். மேலே எங்கள் நாடுகள். தினையும் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற சனம். கீழே இறங்கினால் கடலைக்காடு, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, லாரிப் பட்டறை, மண்டி, கடைவீதி. மேலே சட்டைக்கு மேல் துண்டு போர்த்திக்கொண்டு கிளம்புகிறவன், அடிவாரம் வந்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பான். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே தொகுதி.

நிற்கிறவர் மலைச் சனமாக, பழங்குடியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டிலேயே இப்படி ஒதுக்கியது ஏற்காடும் எங்களுடையதும்தான். ஆனால் ஓட்டு கீழேதான் அதிகம். மலை மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் தரை சாயாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆள் எங்கள் ஆள், தீர்ப்பு அவர்கள் தீர்ப்பு. இதைச் சொன்னால் டீக்கடையில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தொகுதிக்குக் கோடு போட்டவர்கள் மேசை மேல் வரைபடத்தை விரித்துப் போட்டார்கள். அதில் தப்புச் சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆனால் மலையில் அந்தக் கோடுகளுக்கு முன்பே வேறு கோடுகள் இருந்தன. புளியஞ்சோலைப் பக்கம் இறங்கினால் வேறு மாவட்டம், வேறு தொகுதி. பச்சமலையில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் எங்களைப் போலவே கும்பிட்டு எங்களைப் போலவே கட்டிக்கொடுத்து வாழ்கிறவர்கள். அவர்கள் ஓட்டு எங்கேயோ போகிறது. எங்கள் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேருக்கு எம்.எல்.ஏ. வேறு. அப்பாவின் சின்ன வயதில் ஓட்டுப் பெட்டி மலைக்குத் தலைச்சுமையாக வந்ததாம். ரோடு வராத காலம். பெட்டியோடு வந்த ஆபீசருக்கு மூச்சு வாங்கி, கோயில் வாசலில் படுக்கவைத்து மோர் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெட்டி வந்த நாள் முதல் நாங்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெட்டி வருவதற்கு முன்பிருந்து இருப்பது நாடு. ஒரே சாமியைக் கும்பிடுகிற சனத்தின் எல்லைக்கு மலையில் நாடு என்று பெயர். பெரக்கரை நாடு போல ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், தலைவராக ஒரு கவுண்டர், ஒரு சாமி. எங்கள் நாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாட்டுக் கவுண்டர் வீட்டு வாசலில் நான் நிற்க முடியாது. ஒரு நாட்டுக்கும் அடுத்த நாட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஓர் ஓடையோ பாறையோதான் இருக்கும். எங்களுக்கு ஓடை. சித்திரையில் கணுக்கால் நனையாது. அந்த ஓடைதான் இந்தக் கதையில் எங்களைப் படுத்திய பாடு.

என் அக்காவைச் சொல்ல வேண்டும். அவளை ஓடைக்கு அந்தப் பக்கம் அடுத்த நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். சோளக்காட்டில் ஒரு தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தைத்துக்கொண்டே ஊர் நியாயம் முழுக்கப் பேசுவாள். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஏன் வரவில்லை, பஸ் ஏன் பாதியிலேயே திரும்பிப் போகிறது என்று யாரைப் பார்த்தாலும் கேட்பாள். ஒரு நாள் நான் வேனில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது வாயில் நூலைக் கடித்துக்கொண்டே, "தம்பி, நான் இந்தத் தடவை எம்.எல்.ஏ.வுக்கு நிக்கறேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கட்சி?"

"கட்சி எதுக்கு? சுயேச்சை. நம்ம மலையில ராத்தங்கறவ ஒருத்தி நிக்கட்டுமே."

அடேங்கப்பா என்று வாயைப் பிளந்ததுதான் மிச்சம். மனுவைக் கொடுத்தாள். சின்னம் தையல் மெஷின் கேட்டாள், அதுவே கிடைத்துவிட்டது. அதைப் பெரிய வெற்றியாக எண்ணி அன்றைக்கே எல்லோருக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தாள்.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அப்பா எங்கள் நாட்டு மாரியம்மனுக்குப் பூசாரி. காலம் முழுக்கச் சாமியைத் தவிர யாரையும் கும்பிடாத மனுசன். "பூசாரி மக கீழ்நாட்டுக் கடைவீதியில கடை கடையாப் போயி கையெடுத்துக் கும்பிடுவாளா?" என்று ஒரு பிடி பிடித்தார். அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நம்ம நாட்டுக்காகத்தானுங்கப்பா கும்பிடறேன்" என்றாள். அப்பாவுக்கு வந்ததே கோபம். "உனக்கும் இந்த நாட்டுக்கும் என்ன இருக்கு? கட்டிக்கொடுத்தாச்சு. நீ அந்த நாட்டுக்காரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

அக்கா அழுதால் எனக்குத் தாங்காது. அன்றைக்கு அவள் அழவும் இல்லை. அது அதைவிட மோசம்.

பிரசாரத்துக்கு என் வேன்தான். கீழே ஒவ்வொரு தெருவாகப் போனோம். சிலர் நன்றாகவே பேசினார்கள். சிலர், "மலையிலிருந்து தேன் கொண்டாந்தியா?" என்று கேட்டார்கள். அடிவாரத்து ஊரில் மிளகு வாங்குகிற பாய் ஒருவர் உண்டு. எங்கள் மிளகை அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக எடை போடுகிறார்கள். எங்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அக்கா கையில் தண்ணீர் ஊற்றியபடியே, "அம்மா, எங்க ஊட்டு ஓட்டு உனக்குத்தான். ஆனா இந்த வீதி உனக்குப் போடாது. உனக்கு ஆசை காட்டி நான் பொய் சொல்லக் கூடாது பாரு" என்றார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

திரும்பி வளைவு ஏறும்போது சொன்னாள். "நான் ஜெயிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் தம்பி. பாய் சொல்லித்தான் தெரியணுமா? எனக்கு நம்ம ஊர் ஓட்டு வேணும். நீ அந்த நாட்டுக்காரின்னு அப்பா சொன்னாரே, அந்த ஊரு என்னைத் தன் பொண்ணுன்னு சொல்லணும். அப்பா ஓட்டு வேணும். அவரு வாயால சொல்ல வேண்டாம், பட்டனை அமுக்கட்டும். எனக்கு அது போதும்."

சரி என்றேன்.

அந்த வாரம் எங்கள் நாட்டில் காப்புக் கட்டினார்கள். அம்மனுக்கு நோன்பு சாட்டி, நாட்டில் உள்ள ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அதை அவிழ்க்கிற வரை யாரும் நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியாள் உள்ளே வரவும் கூடாது. அந்த நாட்களில் என் வேன் புளியமரத்தடியில் நிற்கும், கோழி ஏறி அடையும். மற்ற ஊர்களில் இவ்வளவு கறார் இல்லை. எங்கள் நாட்டில் ஒருத்தர் காப்போடு எல்லை தாண்டிய வருஷம் ஊர் முழுக்க அம்மை போட்டது. அதை யாரும் மறக்கவில்லை.

தேர்தல் தேதி தெரிந்துதான் காப்புக் கட்டினோம், முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். "ஓட்டுச்சாவடி நம்ம பள்ளிக்கூடந்தானே, எல்லைக்குள்ளாறதானே இருக்குது, மெஷினோட வர்றவங்களை மட்டும் அம்மன் பொறுத்துக்குவா, அம்மனையும் கும்பிட்டுட்டு ஓட்டையும் போட்டுட்டு வரலாம்" என்று நாட்டுக் கவுண்டர் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. காப்புக் கட்டிய மறுநாள் சாயங்காலம் கோடைமழை அடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பலாமரம் காயோடும் கிளையோடும் பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை மேலேயே சாய்ந்தது. காலையில் போய்ப் பார்த்தால் வகுப்பறைக்குள் வானம் தெரிந்தது.

ஆபீசர் அம்மா ஒருவர் ஜீப்பில் எல்லை வரைக்கும் வந்தார். அவரையும் உள்ளே விட முடியாது என்று கவுண்டர் சொன்னதும் முகம் சுளிக்காமல் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றார். நல்ல பெண்மணி. கூரையில்லாத இடத்தில் மெஷினை வைக்க முடியாது, சாவடியை ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது என்றார். நாங்கள் பந்தல் போட்டுத் தருகிறோம் என்றோம். ரேஷன் கடை இருக்கிறது என்றோம். ஒன்றும் ஆகவில்லை. கோயிலில் வைக்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, கோயிலில் வைக்கச் சட்டம் இல்லை என்றார்.

"ஏங்க, இதோ இங்கதானே இருக்கு? நடந்தா ஒரு நிமிசம். அந்தப் பள்ளிக்கூடமும் உங்க தொகுதிதானேங்க?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தொகுதி ஒண்ணுதானுங்க அம்மா. நாடு வேற" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை, அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. வரைபடத்தில் ஓடை நீலமாக ஒரு நூல். அதன் இரண்டு பக்கமும் ஒரே நிறம்.

ஊர் கூடியது. வயசானவர்கள், "அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஓட்டு வரும். காப்பை அத்துக்கிட்டுப் போனா அம்மன் வருவாளா?" என்றார்கள். அதற்கு மேல் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. எங்கள் ஊர் ஒரு ஓட்டும் போடப்போவதில்லை என்று ஆகிவிட்டது. அக்கா நின்ற தேர்தலில், அக்கா பிறந்த ஊரின் மெஷின் காலியாக இருக்கும். அப்பா கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் போன் பண்ணி அக்காவை ஓடைக்கு வரச் சொன்னேன். அவள் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில். கையை நீட்டினால் வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் தூரம். விஷயத்தைச் சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தம்பி, என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது அப்பா என்ன பண்ணுனாரு?"

"என்ன பண்ணுனாரு?"

"கோயில் மண்ணை ஒரு பிடி அள்ளி என் முந்தியில முடிஞ்சு விட்டாரே. அதைக் கொண்டாந்து புருசன் ஊட்டு மூலையில போட்டு, அது மேல மிதிச்சுத்தானே நான் உள்ள போனேன்? நம்ம நாட்டுப் பொண்ணுங்க எல்லாரும் அப்படித்தானே போறோம்?"

"ஆமா."

"அப்ப நம்ம மண்ணு எங்க கிடக்குதோ அது நம்ம நாடுதானே? ஓடையிலருந்து பள்ளிக்கூடத்து வாசப்படி வரைக்கும் நம்ம மண்ணைக் கொட்டுங்க. அது மேல நடந்து வாங்க. எல்லை எங்க தாண்டுனீங்க?"

"போடி கிறுக்கி" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

கவுண்டர் முதலில் முறைத்தார். பிறகு மீசையைத் தடவினார். பிறகு, "இதை யார் சொன்னது?" என்று கேட்டார். அக்கா என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அம்மனிடம் பூக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது, பூக் கேட்க வேண்டியது அப்பா. அப்பா எழுந்து கோயில் கிணற்றடியிலேயே குளித்துவிட்டு வந்து அம்மன் தலையில் ஒரு வெள்ளை அரளியை வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. வைத்த கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். பூ வலப்பக்கம் விழுந்தது. காற்று அடித்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. அப்பா அந்தப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைத்தான் பார்த்தேன்.

இனி அடுத்த நாட்டுக் கவுண்டர் சம்மதிக்க வேண்டும். அவர்களுக்கும் எங்களுக்கும் ஓடைத் தண்ணீருக்காகப் பழைய மனத்தாங்கல் உண்டு. அக்காவே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "கொட்டிக்கச் சொல்லு கண்ணு. ஆனா பொழுது சாயறதுக்குள்ள ஒரு பிடி விடாம அள்ளிக்கிட்டுப் போயிரணும். நாளைக்கு இது எங்க நாடுன்னு வந்து நிக்கக் கூடாது" என்றாராம். அந்தச் சந்தேகம் அவருக்கு வந்தது நியாயந்தான். எங்கள் கவுண்டருக்கும் அந்த எண்ணம் லேசாக இருந்தது.

ஓட்டு நாள் அன்று கிழக்கு வெளுக்கும்போதே எங்கள் பெண்கள் கோயில் முன்னாலிருந்து கூடை கூடையாக மண் சுமந்தார்கள். எங்கள் மண் சிவப்பு, ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தடம் வெளுப்பு. முதல் கூடையைக் கொட்டி, அதன் மேல் ஏறி நின்று, அடுத்த கூடையை வாங்கி முன்னால் கொட்டி, அப்படியே நகர்ந்து போனோம். ஒற்றையடி அகலத்துக்குச் சிவப்பாகப் பாதை நீண்டது. ஒருவரும் பேசவில்லை. மேளம் அடிக்கலாமா என்று யாரோ கேட்டதற்குக் கவுண்டர் ஒரு பார்வை பார்த்தார்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அதற்குள் கொடி, சின்னம், பிரசாரம் எதுவும் கூடாது. அங்கே நின்ற போலீஸ்காரர் மண் கூடையைப் பார்த்து அரண்டுபோய்விட்டார். "இதெல்லாம் என்னங்க? யார் கட்சி?" என்றார். ஆபீசர் அம்மா வந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். கவுண்டர் விளக்கம் சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஓடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மண்ணுல சின்னம் ஒண்ணும் இல்லையே. விடுங்க" என்றார். அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட எனக்கு வெட்கமாக இல்லை.

காப்புக் கட்டிய கையோடு ஊர் முழுக்க வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். அக்கா கோட்டுக்கு வெளியே ஒரு வேலாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். போட்டுவிட்டு வருகிறவர்கள் அவளிடம் பேசவில்லை, பேசக் கூடாது என்று ஒரு பயம். ஆனால் ஒவ்வொருவரும் அவளைத் தாண்டும்போது விரலை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆளாக நான் வந்தேன். எனக்குப் பின்னால் சிவப்புப் பாதையில் யாரும் இல்லை.

"அப்பா?" என்றாள்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பூசாரி கட்டுகிற காப்பு வேறு. நாங்கள் நாட்டு எல்லையைத்தான் தாண்டக் கூடாது. அவர் கோயில் வாசலையே தாண்டக் கூடாது. மண்ணைக் கொட்டினாலும் ஆகாது, பொன்னைக் கொட்டினாலும் ஆகாது. இது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மரத்தடியில் நின்றிருக்கிறாள்.

"சரி" என்றாள். "மண்ணை அள்ளுங்க தம்பி. பொழுது சாயுது."

அள்ளினோம். துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் வாரி, ஒரு பிடி விடாமல் கொண்டுவந்து கோயில் முன்னால் கொட்டினோம். அப்பா உள்ளே விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தார். "என்னாச்சுங்கப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல, போய்க் குளி" என்றார். தீபத்தில் சுட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். நோன்பு முடிந்து காப்பு அவிழ்த்த பிறகும் அந்தத் துணி அவிழவில்லை. விரல் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தார்.

ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு அக்காவின் ஏஜென்டாக நான் போனேன். தரை மெஷின்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாய் சொன்னது அப்படியே நடந்தது. கடைவீதி போடவில்லை. கோழிப்பண்ணைக்காரர்கள் போடவில்லை. கட்சிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போக, தையல் மெஷினுக்கு நேரே எங்கேயாவது ஒன்றிரண்டு விழுந்தது. பிறகு எங்கள் ஊர் மெஷின் வந்தது. வாசிக்கிறவர் மற்ற ஊர்களை வாசித்த அதே குரலில் வாசித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். எங்கள் ஊர் கிட்டத்தட்ட மொத்தமும் அக்காவுக்குப் போட்டிருந்தது. எனக்கு அந்த ஹாலில் சத்தம் போட்டு அழ வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்த ஏஜென்ட், "உங்க ஊருங்களா?" என்று கேட்டார். ஆமாங்க, எங்கள் ஊர்தான் என்றேன்.

டெபாசிட் போனது. மறுநாள் காலையில் அக்கா ஓடையைத் தாண்டி வீட்டுக்கு வந்தாள். மனுக் கொடுத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் வருகிறாள். அப்பா வாசலில் உட்கார்ந்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து தானும் கையை விட்டு மிளகைப் பரத்தினாள். விரலில் சுற்றிய துணியைப் பார்த்து, "கை என்னங்கப்பா?" என்றாள்.

அப்பா துணியை அவிழ்த்தார். இடது ஆள்காட்டி விரலில், நகத்துக்கும் தோலுக்கும் நடுவே, ஓட்டுப் போட்டவர்களுக்கு மை வைக்கிற இடத்தில் சரியாக, கருப்பாக ஒரு கோடு. சுற்றிலும் தோல் வெந்து கொப்புளம் போட்டு உரிந்திருந்தது. மலையில் பிறந்தவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். சேங்கொட்டைப் பால். வண்ணார் துணியில் குறிபோட்டால் துணி கிழிகிற வரை போகாது. தோலில் பட்டால் நெருப்பு. நாங்கள் அந்த மரத்துக்குக் கீழே உட்காரக்கூட மாட்டோம். மருந்துக்கென்று கோயிலில் கிடந்த கொட்டையை உடைத்துத் தானே விரலில் வைத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் வரிசையில் நின்ற நேரத்தில், கோயிலுக்குள், தனியாக.

"சேங்கொட்டையாங்கப்பா? பைத்தியமாப் புடிச்சுப்போச்சு உங்களுக்கு? விரலு போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அக்கா கத்தினாள். கத்திக்கொண்டே அந்த விரலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். தேர்தல் முழுக்க அழாதவள் அன்றைக்கு அழுதாள். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் எழுந்து வேனைத் துடைக்கப் போய்விட்டேன்.

எங்கள் விரல்களில் வைத்த மை நகம் வளர வளரப் போய்விட்டது. அக்கா மறுபடி நிற்கவில்லை. சோளக்காட்டில் தைத்துக்கொண்டிருக்கிறாள், நியாயம் பேசிக்கொண்டும் இருக்கிறாள். தொகுதி எல்லைகளை மறுபடி மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. மலையை எதோடு சேர்ப்பார்களோ, எங்கே வெட்டுவார்களோ, தெரியாது. எங்களைக் கேட்டுச் செய்ய மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

அடுத்து வந்த தேர்தலில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். சாவடி ஊருக்குள்ளேயே. நோன்பும் தள்ளி விழுந்தது. அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மை வைக்கிற பையன் கீழ்நாட்டிலிருந்து வந்தவன், அவர் இடது கையைப் பிடித்து விரலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். கொப்புளம் ஆறி, அந்த இடம் கருத்த தழும்பாக நின்றுவிட்டிருந்தது.

"பெரியவரே, ஏற்கெனவே போட்டுட்டீங்களே?" என்றான்.

சாவடியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா விரலை அவன் கையிலேயே விட்டுவிட்டுச் சொன்னார்.

"அது எம் மவளுக்குப் போட்டதுங்க சாமி."